ஹவுன்ஸ்லோவில் பூத்த தோள்கள்

2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு, ஹவுன்ஸ்லோவில் குடியிருந்த பரமேஸ்வரனின் இடது தோளில் ஒரு சிவப்புப் பூ பூத்தது. அன்று அவருக்கு லீவு நாள். வயது ஐம்பத்து நான்கு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சரக்குக் கொட்டகையில் பத்தொன்பது வருடமாக அட்டைப் பெட்டிகளை இடது தோளில் வைத்துத் தூக்கியதில், கழுத்தெலும்புக்குக் கீழே அவருக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஒரு பெரிய நெல்லிக்காயை வைத்தால் உருளாமல் நிற்கும் அளவு பள்ளம். பூ அந்தப் பள்ளத்திலிருந்துதான் வந்தது. இரத்தம் இல்லை, காயம் இல்லை. இரண்டு அங்குல நீளத்தில் கீழ்நோக்கி வளைந்த குழல், அதன் வாயில் பின்னால் மடிந்த ஐந்து இதழ்கள். அவருடைய மனைவி ரஜனி அதைப் பார்த்ததும் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு, "இஞ்சாருங்கோ, இதைக் கிள்ளிறதோ, விடுறதோ?" என்று கேட்டார். "விடு. அது குடிக்கட்டும்" என்றார் பரமேஸ்வரன்.

குடிக்க வேண்டியது ஒரு குருவி. நான்கு நாளைக்கு முன், வெள்ளிக்கிழமை காலை ஷிப்டில், எக்குவடோரிலிருந்து ரோசாப்பூ வந்த நீளப் பெட்டி ஒன்றை அவர் பிரித்தபோது, இரண்டு கட்டுகளுக்கு நடுவே அது அலகை மேலே நீட்டியபடி கிடந்தது. அவருடைய பெருவிரல் அளவு. பச்சை நிறம், சரித்துப் பிடித்தால் கழுத்தில் ஊதா. ஐஸ்கட்டிபோலக் குளிர்ந்திருந்தது. பூப்பெட்டிகளில் அவர் அதற்கு முன்பும் தவளை, சிலந்தி, நத்தை எல்லாம் கண்டிருக்கிறார். எல்லாம் செத்தவை, எல்லாம் குப்பைக்குப் போனவை. வழக்கம்போலப் படிவத்தை எடுத்து, 'பறவை, ஒன்று, இறந்தது' என்று நிரப்பிக் கொடுத்தார். குப்பைத்தொட்டி கொட்டகையின் மறுமுனைத் தொங்கலில் இருந்தது. வலது முழங்கால் அன்று சரியில்லை. அந்தப் பக்கம் போக வேறு ஒரு வேலை வரும்போது போட்டுவிடலாம் என்று குருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாற்பது நிமிடம் கழித்துத் தேநீர் குடிக்க உட்கார்ந்த நேரம், நெஞ்சுக்கு மேலே ஏதோ அதிர்ந்தது. அவர் போனை எடுத்து "ஹலோ" என்றார். போன் அடிக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. குனிந்து பார்த்தார். சட்டைப் பையின் விளிம்பில் ஒரு நீண்ட அலகும் இரண்டு கறுத்தக் கண்களும் இருந்தன.

அலுவலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்த பெண், இறந்தது என்று பதிந்த ஒன்றை உயிரோடு இருக்கிறது என்று மாற்ற அதில் இடம் இல்லை என்றாள். அப்படியானால் குருவியை என்ன செய்வது என்று கேட்டார். எங்களிடம் இல்லாத குருவியைப் பற்றி என்னிடம் கேட்டு என்ன பயன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் அதைப் பையில் வைத்தபடியே பஸ் ஏறினார். பத்தொன்பது வருடத்தில் அவர் கைக்கு வந்து கண் திறந்தது அது ஒன்றுதான். அடுத்த ஏப்ரலில் வெளியே பூக்கள் வரும்வரை, இந்தக் குளிரில் இதைச் சாகவிடுவதில்லை என்று வீடு வந்து சேருமுன்னரே அவர் தீர்மானித்துவிட்டார். எதையும் அவ்வளவு கெதியாகத் தீர்மானிக்கிறவர் அல்லர் அவர். வீட்டுக் கார்ப்பெட்டின் நிறத்தை முடிவுசெய்ய அவருக்கு இரண்டு வருடம் எடுத்தது.

வீட்டில் குருவி நின்ற இடத்தில் நின்றபடியே பறந்தது. சிறகு கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் பழைய மிக்சிபோலக் கேட்டது. கரண்டியில் வைத்த தண்ணீரை அது பார்க்கவில்லை. சிவப்பாக எது இருந்ததோ அதனிடம் போனது. தக்காளிச் சோஸ் போத்தலின் மூடி, தொலைக்காட்சியின் சின்ன விளக்கு, நாட்காட்டியில் அச்சடித்த ஞாயிற்றுக்கிழமைகள். கடைசியில் ரஜனியின் முகத்துக்கு முன்னால் வந்து, குங்குமப் பொட்டில் அலகை வைத்தது.

"உங்கட குருவியார் என்ரை நெத்தியிலை ஓட்டை போடப் பாக்கிறார்" என்றார் ரஜனி, அசையாமல்.

"பூவெண்டு நினைக்குது போல."

"இருபத்தாறு வருசமா நீங்கள் ஒருநாளும் அப்பிடி நினைக்கேல்லையே."

ரஜனி விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தவர். அங்கே பழக்கலவைக்கு ஒரு பங்கு வெள்ளைச் சீனிக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுப் பாகு கரைப்பார்கள். கைப்பழக்கத்தில் அதையே கரைத்து, மிளகாய்த்தூள் போத்தலின் சிவப்பு மூடியில் ஊற்றி வைத்தார். குருவி வந்து குடித்தது. பழுத்துக் கறுத்த வாழைப்பழத்தைத் தட்டில் வைக்க, அதில் மொய்த்த சின்ன ஈக்களையும் பறந்து பிடித்துத் தின்றது. ஆனாலும் போதவில்லை. ஒவ்வொரு நாளும் வெளிச்சம் போனதும் அது கல்லாகக் குளிர்ந்து, காலையில் உடலை உலுப்பிக்கொண்டு எழும்பியது. சனிக்கிழமை ஏழு மணிக்கு எழும்பிய குருவி, ஞாயிறு எட்டு மணிக்கு எழும்பியது. திங்கள் ஒன்பதரை ஆகிவிட்டது. அன்று பின்னேரம் பரமேஸ்வரன் அதைத் தன் தோள் பள்ளத்தில் வைத்து, மேலே கம்பளிச் சால்வையைப் போர்த்தி, கதிரையிலேயே நித்திரையானார். விடிய, பூ இருந்தது.

குருவியின் அலகும் பூவின் குழலும் ஒரே அளவில் வளைந்திருந்தன. உறைக்குள் கத்தி போவதுபோல அலகு முழுவதும் உள்ளே போனது. வெளியே வந்தபோது குருவியின் நெற்றியில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு நிமிடத்தில் பூவில் மறுபடியும் தேன் ஊறியது. குருவிக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம் தெரிந்திருந்தது. அதுவரை திரைச்சீலைக் கம்பியில் இருந்துவிட்டு, பதினோராவது நிமிடத்தில் வராமல், பதின்மூன்றாவது நிமிடத்தில் வராமல், சரியாக வந்தது. அன்று காலையிலேயே இன்னொன்றும் தெரிய வந்தது. பரமேஸ்வரன் எழும்பித் தேநீருக்குக் கேத்தில் போட்டால், சட்டை அயர்ன் பண்ணினால், பூ வறண்டது. அவர் சும்மா இருந்தால் மட்டும் தேன் ஊறியது. ஆகவே இலண்டனுக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவர் ஒரு பகல் முழுவதும் கதிரையில் சும்மா இருந்தார். பின்னேரம் தோளைச் சுழற்றிப் பார்த்தார். 2009ஆம் ஆண்டிலிருந்து இருந்த நோவு அதில் இல்லை.

வியாழக்கிழமை டொக்டர் பிரியம்வதாவிடம் போனார். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் கையுறை போட்டு, பூவை இரண்டு பக்கமும் பார்த்து, இதயத்துடிப்பைக் கேட்டார்.

"வலிக்குதா அங்கிள்?"

"இல்லை டொக்டர். பாரமும் இல்லை."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"இதோடை வேலைக்குப் போகலாமோ எண்டு கேக்க."

டொக்டர் கடதாசியை எடுத்து, மற்றத் தோளில் தூக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். பூவுக்கு மருந்து எழுதவில்லை. பரமேஸ்வரன் கதவு வரைக்கும் போன பிறகு கூப்பிட்டு, குருவியின் படத்தைப் போனில் காட்டச் சொல்லிப் பார்த்தார். இது ரீங்காரச்சிட்டு, அமெரிக்கக் கண்டத்துக்கு வெளியே எங்கும் இல்லாதது, ஒரு நாளைக்கு ஆயிரம் பூவுக்குக் குறையாமல் போக வேண்டியது என்றார். "உங்க ஒரு தோள் எப்படிப் பத்தும்?"

பத்தவில்லை என்பது வீட்டிலும் தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கிழமையே ரஜனிக்கும் பூத்தது. அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு சோபா இருந்தது. வாங்கி ஏழு வருடம், பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றவில்லை, ரஜனி அதில் ஒருநாளும் இருந்ததில்லை. அன்று குருவி அவருடைய பொட்டை விட்டுப் போக மறுத்ததால், வேறு வழியில்லாமல் ஒரு மணித்தியாலம் அதில் இருந்தார். எழும்பியபோது வலது மணிக்கட்டில், நாளுக்கு இரண்டாயிரம் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு ஈயத்தாள் மடித்து மடித்து வீங்கிய இடத்தில், ஒரு சிவப்புப் பூ இருந்தது. அடுத்த வீட்டு யனுஷன், சாப்பாட்டுப் பொதிகளை ஸ்கூட்டரில் கொண்டு திரிகிறவன், பார்க்க வந்து அரை மணித்தியாலம் இருந்தான். பிரேக் பிடிக்கிற கையின் நடுவிரல் மடிகிற மொளியில் பூத்தது. லூயிஷாமில் இருந்து ரஜனியின் ஒன்றுவிட்ட அக்கா கனகாம்பிகை வந்தார். அறுபத்தொரு வயது. முப்பது வருடமாக முழங்காலில் நின்று அலுவலகத் தரைகளைத் துடைத்தவர். அவருக்கு இரண்டு முழங்காலிலும் பூத்தது. அதற்குப் பிறகு சனம் வந்தபடி இருந்தது. வால்தம்ஸ்டோவில் இருந்து இறைச்சி வெட்டுகிற இருவர், வெதுப்பகத்தில் மா மூட்டை தூக்குகிற ஒருவர், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற நாலு பெண்கள். யாருக்கு எங்கே தேய்ந்திருந்ததோ அங்கேதான் பூத்தது. வங்கியில் வேலை செய்கிற ஒருவர் மூன்று ஞாயிறு வந்து சட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை, சளித்தடிமன் மட்டும் வந்தது.

ஆள் இருந்தது, நேரம்தான் இல்லை. ஏழரை மணி தொடக்கம் நாலு மணிவரை, வெளிச்சம் இருக்கிற நேரம் முழுவதும் ஆட்கள் மாறி மாறிச் சும்மா இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் விட்டுப்போனால் குருவி அடுத்த நாள் எழும்ப ஒரு மணித்தியாலம் பிந்தியது. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு குடும்பம் உபயம் என்று பொறுப்பெடுக்கிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். அதையே செய்தார்கள். வேலையிடங்களில் ஷிப்டை மாற்றிக் கொடுத்து, காலை உபயம், மதிய உபயம், பின்னேர உபயம் என்று பெயர் எழுதினார்கள். பெயர் எழுதும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, கணேஸ்வரன் எடுத்துக்கொண்டார். அவர் நாலு பெற்றோல் நிலையங்களுக்குச் சொந்தக்காரர். ஊர்ச் சங்கம், கோயில், செத்தவீடு எதுவானாலும் முதல் கதிரையில் இருக்கிறவர். உபயகாரர் பட்டியலை வண்ணத்தில் அச்சடித்துக் கொண்டுவந்தார். அதில் குருவியின் படத்தைவிட அவருடைய படம் பெரிதாக இருந்தது.

அவருக்கு மட்டும் பூக்கவில்லை. அவர் கடைசியாக ஒரு பாரத்தைத் தூக்கி இருபது வருடம். முதல் கிழமை தோளைக் காட்டிக்கொண்டு இருந்தார். இரண்டாம் கிழமை முதுகு. மூன்றாம் கிழமை சப்பாத்தைக் கழற்றிக் குதிக்காலையும் பார்த்தார். "கணேஸ் அண்ணை, கல்குலேட்டர் அடிக்கிற விரலைப் பாருங்கோ" என்று யனுஷன் சொல்ல, முழு அறையும் சிரித்தது. கணேஸ்வரனும் சிரித்தார். ஆனால் அன்றைக்கே, சனிக்கிழமை மதிய உபயம் தன்னுடையது என்றும், அதற்குப் பூ தேவையில்லை என்றும், சிவப்பு மூடியில் வைக்கிற பாகைத் தானே கொண்டுவருவதாகவும் பட்டியலில் எழுதினார்.

அந்தச் சனிக்கிழமை டிசம்பர் பத்து. ரஜனியும் பரமேஸ்வரனும் வேலையில். கணேஸ்வரன் வெள்ளிச் செம்பில் பாகோடு வந்தார். மேசையில் ரஜனி கரைத்து வைத்திருந்த சீனித்தண்ணீரைக் கண்டு, "தூரத்திலையிருந்து வந்த விருந்தாளி. அவருக்குப் போய் வெறும் சீனித்தண்ணியோ?" என்று கேட்டு, அதைக் கழுவுதொட்டியில் ஊற்றினார். அவர் கொண்டுவந்தது யாழ்ப்பாணத்தில் இருந்து விமானத்தில் எடுப்பித்த பனங்கட்டி, கடையில் மேல்தட்டில் பூட்டி வைத்திருக்கிற தேன், கொஞ்சம் ஏலக்காய். நல்லதைக் கொடுத்தால் நல்லது நடக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அறையில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் இருக்கவில்லை. அவர்களும் எழும்பி நின்று பார்த்தார்கள். குருவி குடித்தது. நாலு தடவை குடித்தது. ஐந்தாம் தடவை வந்து, அலகைத் திறந்து, மூட முடியாமல், திரைச்சீலைக் கம்பிக்குத் திரும்பவும் முடியாமல், கார்ப்பெட்டில் இறங்கியது.

வேலை உடுப்போடு ஓடிவந்த டொக்டர் பிரியம்வதா வில்லைக்கண்ணாடியால் பார்த்தார். நாக்கு வீங்கி, அதில் வெள்ளை படர்ந்திருந்தது. பூவின் தேன் வேறு, தேனீ அடைத்து வைத்த தேன் வேறு, அதில் பூஞ்சணம் வரும், பனங்கட்டியில் இருக்கிற இரும்பும் இதற்கு நஞ்சு என்றார். கைக்குழந்தைகளின் வாய்ப்புண்ணுக்குப் போடுகிற மருந்தை ஊசி முனையில் தொட்டு வைத்தார். "நாக்கு சரியாயிடும். ஆனா எழுந்துக்கணும். எழுந்து குடிக்கணும். அது என் கையில இல்ல."

செய்தி கிடைத்து வேலையிலிருந்து வந்துவிட்ட ரஜனி, கணேஸ்வரனுக்கு முன்னால் போய் நின்றார். "அண்ணை, ரெண்டு கரண்டி வெள்ளைச் சீனி. கடையிலை விக்கிற மலிஞ்ச சீனி. அது காணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"நல்லதெண்டுதான் பிள்ளை குடுத்தனான்."

"உங்களுக்கு நல்லது வேறை, அதுக்கு நல்லது வேறை."

கணேஸ்வரன் வெள்ளிச் செம்பை எடுக்காமலே போனார்.

குருவி குளிர்ந்தது. ஞாயிறு காலை எழும்பவில்லை. மதியமும் எழும்பவில்லை. பரமேஸ்வரன் அதைத் தோள் பள்ளத்தில் வைத்தபடி இருந்தார். அன்று முழுவதும், இலண்டனில் எங்கெங்கு அந்தப் பூக்கள் இருந்தனவோ அங்கெல்லாம் தேன் கட்டி நின்றது. குடிக்க ஆள் இல்லாததால், அசைந்தாலும் வறளாமல் குழல் நிரம்பி, இதழ் வழியாகச் சொட்டி, சட்டைகள் தோலோடு ஒட்டின. பழைய நோவுகள் திரும்பின. யனுஷனால் பிரேக் பிடிக்க ஏலவில்லை. லூயிஷாமில் கனகாம்பிகை, வழிந்த தேனைத் துடைக்க இரண்டு முழங்காலுக்கும் துவாய் சுற்றிக்கொண்டார். பின்னேரம் பனி கொட்டத் தொடங்கியது. திங்கள் விடியுமுன், வெளியே தண்ணீர் போகிற குழாய் உறைந்து, பரமேஸ்வரன் வீட்டுக் கொதிகலன் நின்றுபோனது. திருத்துகிறவர்கள் வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். சுவரில் இருந்த வெப்பமானி எட்டுப் பாகை காட்டியது. குருவியின் நெஞ்சில் விரல் வைத்தால், நிமிடத்துக்கு ஒருதரம் ஏதோ தட்டியதுபோல இருந்தது, அல்லது அது அவருடைய விரலின் துடிப்பு. ரஜனி உபயகாரர் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினார்: வீடு குளிருது, வரக்கூடிய ஆக்கள் வாங்கோ.

அன்று ரயில்கள் ஓடவில்லை. பஸ்கள் மேட்டில் ஏற முடியாமல் குறுக்கே நின்றன. கனகாம்பிகை காலை ஆறு மணிக்கு லூயிஷாமில் இருந்து நடக்கத் தொடங்கினார். கம்பர்வெல், வொக்ஸ்ஹோல், பட்டர்சி, பட்னி, றிச்மண்ட். போகப் போக, பக்கத்துத் தெருக்களில் இருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கோட்டுக்குள்ளே தோளைப் பொத்தியவர்கள், கையைக் கம்பளியால் சுற்றியவர்கள். வால்தம்ஸ்டோவில் இருந்து புறப்பட்ட இறைச்சிக்கடைக்காரர் இருவரும் நகரத்தின் நடுவால் நடந்து, றிச்மண்டில் அவர்களோடு சேர வேண்டிய இடத்தில் பிந்தி, ஐல்வேர்த்தில் வந்து பிடித்தார்கள். நடந்த வழியெல்லாம் பனியில் சொட்டுச் சொட்டாகத் தேன் விழுந்திருந்தது. "அக்கா, உங்கட முழங்கால் எப்பிடி?" என்று ஒருவர் கேட்க, கனகாம்பிகை, "வீட்டுப் படியேறத்தான் நோகும், லண்டனைச் சுத்த நோகாது" என்றாராம். ஒரு மணி இருபதுக்கு அவர்கள் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தபோது, பரமேஸ்வரன் வீட்டுக்கு முன்னால் இடுப்பளவு பனி ஒதுக்கப்பட்டு, தெரு முனையில் இருந்து கதவுவரை பாதை வெட்டியிருந்தது. ஒரு கிழவர் சவளோடு அதன் தொங்கலில் நின்று இன்னும் அள்ளிக்கொண்டிருந்தார். அது கணேஸ்வரன். விடியற்காலை ஏழு மணிக்கு வந்தவர் கதவைத் தட்டவில்லை. இடையிடையே, கோயில் மண்டபத்தில் இருந்த இரும்புக் கதிரைகளை இரண்டிரண்டாகத் தூக்கிக் கொண்டுவந்து வாசலில் அடுக்கியிருந்தார். ஆட்கள் அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பன்னிரண்டு அடிக்குப் பத்தடி முன்னறையில் நாற்பத்து மூன்று பேர் போய் இருந்தார்கள். பிளாஸ்டிக் உறையைக் கிழித்துவிட்டு சோபாவில் எட்டுப் பேர். படியில் பத்துப் பேர். கோட்டுகளைக் கழற்றினார்கள். பெண்கள் கையை மடித்தார்கள், ஆண்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். நாற்பத்து ஆறு பூக்கள் அந்த அறையில் இருந்தன. பரமேஸ்வரன் நடுவில் ஒரு கதிரையில், தோளில் குருவியோடு. ஒருவரும் அசையவில்லை. அவர்களில் பலருக்கு அது பழக்கமில்லாத வேலை. இடைக்கிடை யாராவது எழும்பித் தேநீர் போடப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர் பிடித்து இருத்துவார். மூச்சில் யன்னல் கண்ணாடி வெளுத்தது. வெப்பமானி பதினொன்றானது, பதினைந்தானது. இரண்டேமுக்காலுக்கு இருபத்து மூன்று. சுவரோரம் நின்றவர்களின் நெற்றி வியர்த்தது.

மூன்று மணி பத்துக்குப் பரமேஸ்வரனின் தோள் அதிர்ந்தது.

"குருவியார் எழும்பிட்டாரோ?" என்று ரஜனி மெதுவாகக் கேட்டார். குருவி உடலை உலுப்பியது. ஒரு கண்ணைத் திறந்தது. அப்படியே தலையைத் திருப்பி, இருந்த இடத்தில் இருந்தபடி, இரண்டு நாளாக நிரம்பி நின்ற பூவுக்குள் அலகை விட்டது. நீண்ட நேரம் குடித்தது. பிறகு பழைய மிக்சிச் சத்தம் கேட்டது, அது மேலே எழும்பியது. ரஜனியின் மணிக்கட்டு. யனுஷனின் விரல். கனகாம்பிகையின் வலது முழங்கால், பிறகு இடது. ஒருவரையும் விடவில்லை, ஒருவரிடமும் இரண்டு தடவை போகவில்லை. படியில் கீழிருந்து மேலாகப் போய், மேலிருந்து கீழாக வந்தது. அது குடித்துவிட்டுப் போன இடத்தில் எல்லாம் ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள். எல்லோரும் முடிந்ததும் அது வாசல் பக்கம் போய், கதவு நிலையில் சாய்ந்து நின்ற கணேஸ்வரனின் வலது கைக்கு முன்னால் நின்றது. அவருடைய பெருவிரல் அடியில் சவள் பிடித்த கொப்புளம் ஒன்று இருந்தது. கொப்புளத்தின் மேல் ஒரு பூ இருந்தது. அரிசி அளவுதான். அவர் அதுவரை அதைக் காணவில்லை. குருவி அதிலும் குடித்தது.

அன்று கணேஸ்வரன் யாரையும் படம் எடுக்கச் சொல்லவில்லை. ரஜனி ஒரு பிளாஸ்திரியோடு அவரிடம் போய், "பூ மேலை படாமல் ஒட்டுங்கோ அண்ணை" என்றார். யாரோ போனில் நாதஸ்வரம் போட்டார்கள். நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். மற்றப் பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் கிழவி சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வந்து, முப்பத்தைந்து வருடம் கடையில் தையல் இயந்திரம் மிதித்த காலோடு கதிரையில் இருந்து, பூவோடு திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜனவரியில் மழை பெய்தது. பெப்ரவரியில் கடைகளில் தக்காளி இல்லாமல் போனது. உபயத்தில் ஒரு மணித்தியாலமும் விட்டுப்போகவில்லை. மூடியில் வெள்ளைச் சீனித்தண்ணீர் தவிர வேறு எதையும் யாரும் ஊற்றவில்லை, அதை அளந்து கரைக்கிற பொறுப்பு கணேஸ்வரனுடையது. பெட்டிகளைப் பிரிக்கிறவர்கள், குளிர்ந்து கிடக்கிற எதையும் முதலில் நாற்பது நிமிடம் சட்டைப் பையில் வைத்துப் பார்த்துவிட்டே படிவம் நிரப்பத் தொடங்கினார்கள். அப்படி மார்ச் மாதம் கார்னேஷன் பூப்பெட்டியில் ஒரு பெட்டைக் குருவி வந்து சேர்ந்தது. ஏப்ரல் பதினாலு, வருடப்பிறப்பு, வெள்ளிக்கிழமை. தெருவில் செரி மரங்கள் பூத்திருந்தன, தோட்டப் புதர்களில் சிவப்புப் பூச்சரம் தொங்கியது. காலை பத்து மணிக்குப் பரமேஸ்வரன் முன்னறை யன்னலைத் திறந்தார். குருவி வெளியே போனது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பன்னிரண்டு நிமிடம் கழித்து அது திரும்பி வந்து, அவருடைய தோளில் குடித்துவிட்டு, மறுபடியும் போனது. "ஏப்ரல் வந்திட்டுது" என்றார் அவர் ரஜனியிடம். "ஓம், வந்திட்டுது" என்றார் ரஜனி. இரண்டு பேரும் அன்று வேலைக்குப் போகவில்லை.

மே மாதம் பூக்கள் உதிர்ந்தன. உதிர்ந்த இடங்களில் மிளகு அளவு காய் வந்தது. தோளில் இருந்து மணிக்கட்டுக்கும் மணிக்கட்டில் இருந்து முழங்காலுக்கும் குருவியின் நெற்றி கொண்டுபோன மஞ்சள் தூளின் காய். முற்றி வெடித்ததும் உள்ளே இருந்த கறுத்த விதைகளைத் தயிர் டப்பாக்களில் நட்டார்கள். அந்தக் கொடிதான் இப்போது ஹவுன்ஸ்லோவில் வேலிகளிலும், லூயிஷாம் ரயில் பாதை ஓரத்திலும், வால்தம்ஸ்டோ சந்தைக்குப் பின்னால் உள்ள சுவரிலும் படர்ந்திருக்கிறது. உறைபனியிலும் பூக்கிறது. கவுன்சில் முதலில் அதை வெட்டச் சொல்லிக் கடிதம் போட்டது. வெட்ட வந்த மூன்று தொழிலாளருக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதுகில் பூத்ததால், வெட்டாமல் போனார்கள். இன்று இலண்டனில் அறுபது குருவிகளுக்குக் குறையாமல் இருக்கின்றன. பஸ் தரிப்பிடக் கூரைகளில் சிலந்தி நூலை இழுத்துக் கூடு கட்டுகின்றன. ஆண்குருவிகள் பொல்லாத சண்டைக்காரர். நல்ல தேன் உள்ள ஒருவரைக் கண்டால், அவர் வீட்டில் இருந்து ஸ்டேஷன் வரைக்கும் வேறு குருவியை அண்டவிடாமல் காவல் நிற்கும். சனம் குளிர்காலத்தில் பூக்கிறது, கோடையில் உதிர்க்கிறது. சில வேலையிடங்களில் பன்னிரண்டு நிமிட ஓய்வு எழுத்தில் வந்திருக்கிறது. மற்ற இடங்களில் எழுதாமலே எடுக்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, பரமேஸ்வரன் வேலைக்குப் போக 111ஆம் இலக்க பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வந்து கதவு திறந்த நேரம், முதல் குருவி, இப்போது கழுத்தில் நிறம் மங்கியது, கூரைக்கு மேலால் வந்து அவர் தோளில் அலகை வைத்தது. அவர் படியில் ஒரு காலோடு அசையாமல் நின்றார். சாரதி இயந்திரத்தை அணைத்துவிட்டு, போத்தலைத் திறந்து தேநீர் குடித்தார். உள்ளே இருந்த ஒரு பெண், கதவால் குளிர் வருகிறது என்று முறைப்பட்டாள். குருவி குடித்து முடித்துப் பறந்தது. பரமேஸ்வரன் அட்டையைத் தட்டி ஏறி, யன்னலோர இருக்கையில் இருந்தார். பஸ் புறப்பட்டது.